துண்டு போட்ட நாற்காலிகள்: நூலகத்தில் இருக்கைக் கணக்கெடுப்பு நடத்துவது எப்படி?

கும்பகோணத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ காலைப் பேருந்தில் கிளம்பிப் பத்து மணிக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குள் நுழையும் மாணவர், மேசைகளில் ஆட்களைவிட நோட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கடைசியில் படிக்கட்டில் அமர்ந்து படிக்கிறார். பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் எல்லோருக்கும் பழகியதுதான். ஆனால் பேருந்தில் துண்டு போட்டவர் அடுத்த நிமிடமே ஏறி வந்து அமர்ந்துவிடுவார். நூலகத்தில் நோட்டு வைத்துவிட்டுப் போனவர் மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் வராமல் இருக்கலாம். “இங்க ஆள் வருது தம்பி” என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் சொல்லுக்கு மேல் அங்கே எந்த ஆதாரமும் இருக்காது.

நான் முதுகலை படித்தபோது நாங்கள் சிலர் நூலகரிடம் போய் இடமே கிடைப்பதில்லை என்று முறையிட்டோம். மொத்தம் எத்தனை இருக்கைகள், எந்த நேரத்தில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டபோது, எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அன்று தொடங்கிக் கற்றுக்கொண்ட முறையைத்தான், இதுவரை கணக்கெடுப்பு எதிலும் ஈடுபடாத முதலாம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடிய வகையில் இங்கே எழுதுகிறேன். இதற்குத் தேவையானவை நான்கு பேர், சில வெள்ளைத் தாள்கள், பென்சில், ஒரு வாரம்.

முதல் படி: அனுமதி

துறைத் தலைவர் வழியாக நூலகருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். யாருடைய பெயரையும் குறிக்கப்போவதில்லை, புகைப்படம் எடுக்கப்போவதில்லை, எவருடைய பொருளையும் தொடப்போவதில்லை என்ற மூன்று உறுதிகளும் அதில் இருக்க வேண்டும். குறிப்பாக, மாணவிகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது தவறு என்பதால், எண்ணிக்கையைத் தாளில்தான் எழுத வேண்டும்.

கடிதத்தில் சேர்க்கத் தகுந்த ஒரு செய்தி நம் மண்ணிலேயே இருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தது, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். இருக்கை தேடி ஒருவர் தினமும் இழக்கும் அரை மணி நேரமும் அந்த விதிக்குள் அடங்கும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் படி: கூடத்தின் வரைபடம்

ஒரு தாளில் மேசைகளையும் நாற்காலிகளையும் சிறு கட்டங்களாக வரைந்து, வாசலிலிருந்து தொடங்கி வரிசை எண் கொடுங்கள். உடைந்த நாற்காலிகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள். மின்விசிறிக்குக் கீழே இருப்பவை, ப்ளக் பாயிண்ட்டுக்கு அருகில் இருப்பவை, மழைச்சாரல் அடிக்கும் சன்னலோரத்தில் இருப்பவை ஆகியவற்றுக்கு மூன்று வேறு குறிகள் இடுங்கள். இந்த வேலையை அவசரமாகச் செய்ய வேண்டாம். எங்கள் வரைபடம் முடிந்த பிறகுதான், நாங்கள் இருக்கைக்காகப் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் உண்மையில் மின்விசிறிக்காகவும் ப்ளக் பாயிண்ட்டுக்காகவும் போட்டவை என்பது எங்களுக்கு விளங்கியது. யாரும் அமர விரும்பாத மூலையில் ஒரு விசிறியை மாட்டினாலே அங்குள்ள நாற்காலிகள் பயனுக்கு வந்துவிடும். அது புதிய கட்டடம் கட்டுவதைவிட எளிய வேலை. கூடுதல் ப்ளக் பாயிண்ட்டுகளை மட்டும் மின்பணியாளரைக் கொண்டே அமைக்கக் கேட்க வேண்டும். மாணவர்கள் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து ஒன்றோடொன்று தொடுப்பது ஆபத்தானது.

மூன்றாம் படி: எண்ணுதல்

திங்கள் முதல் சனி வரை, நூலகம் திறந்தவுடன் ஒரு முறை, பிறகு 10, 12, 2, 4, 6 மணிக்கு ஒவ்வொரு முறை என நாளொன்றுக்கு ஆறு சுற்றுகள் போதும். இருவர் இருவராகப் பிரிந்து, எப்போதும் ஒரே வழியில் நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை மட்டும் இடுங்கள். ஆள் அமர்ந்திருந்தால் ‘ஆ’, பொருள் மட்டும் இருந்தால் ‘பொ’, எதுவும் இல்லாவிட்டால் ‘கா’. அமர்ந்திருப்பவர் நூலகத்தின் புத்தகத்தை வைத்திருக்கிறாரா, தான் கொண்டுவந்த புத்தகத்தைப் படிக்கிறாரா என்பதையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் பார்த்து, சொந்தப் புத்தகம் என்றால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான். ‘பொ’ என்று குறித்த எல்லாவற்றையும் ஆக்கிரமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. புத்தக அடுக்குகள் வாசகர்களுக்குத் திறந்திருக்கும் நூலகத்தில், எழுந்து போய்த் தேடி எடுப்பதும் படிப்பின் ஒரு பகுதியே. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மணி நேரம் கழித்து, ‘பொ’ என்று குறித்த இருக்கைகளை மட்டும் மறுபடி பாருங்கள். ஆள் திரும்பி வந்திருந்தால் அந்த எழுத்தைச் சுற்றி வட்டமிடுங்கள். வராவிட்டால் அடிக்கோடு இடுங்கள். அடிக்கோட்டு இருக்கைகள்தான் நாம் பேச வேண்டியவை.

நான்காம் படி: கணக்கு

எண்கள் எப்படிப் பேசும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கூடத்தில் 120 இருக்கைகள் உள்ளன என்றும், காலை 10 மணிச் சுற்றில் 66 ‘ஆ’, 45 ‘பொ’, 9 ‘கா’ என்று கிடைத்தன என்றும் வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 45 பேரில் 15 பேர் திரும்பி வந்துவிட்டார்கள். 30 பேர் வரவில்லை. 30ஐ 120ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 25 விழுக்காடு. அதாவது கூடத்தின் கால் பகுதியில் ஆளில்லாமல் நோட்டுகள் மட்டும் இருக்கின்றன. “இடமே இல்லை” என்பதற்கும் “கால் பகுதி இடம் ஆளின்றிக் கிடக்கிறது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நூலகர் உடனே புரிந்துகொள்வார்.

மாறாக, ‘ஆ’ மட்டுமே நூறைத் தாண்டிவிட்டது என்றால், உங்கள் நூலகத்தில் இருப்பது உண்மையான பற்றாக்குறை. அப்போது எந்த விதியும் உதவாது. இடத்தைத்தான் கூட்ட வேண்டும். முன்பு நீங்கள் இட்ட புள்ளிகள் இங்கே கைகொடுக்கும். போட்டித் தேர்வுக்கும் பருவத் தேர்வுக்கும் தம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பவர்களே அதிகம் என்றால், அவர்களுக்கு அடுக்குகளின் அருகாமை தேவையில்லை. விளக்கும் விசிறியும் அமைதியும் போதும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைப் படிப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, மாலை நான்கு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் இரண்டு வகுப்பறைகளை அதே நோக்கத்துக்குத் திறந்துவிடக் கேட்பது நியாயமான கோரிக்கை.

ஐந்தாம் படி: இடைவேளைச் சீட்டு

அடிக்கோடுகள் அதிகமாக இருந்தால் இதைப் பரிந்துரையுங்கள். ஜெர்மனியின் பல பல்கலைக்கழக நூலகங்களில், எழுந்து போகும்போது புறப்படும் நேரத்தைக் காட்டும் அட்டை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அங்கே கார் நிறுத்துமிடங்களில், வண்டி வந்து நின்ற நேரத்தைக் காட்டக் கண்ணாடிக்குள் வைக்கப்படும் நேரத் தட்டைப் பார்த்து ஏற்பட்ட ஏற்பாடு அது. நமக்கு அஞ்சலட்டை அளவில் ஒரு துண்டுத்தாளே போதும். எழுந்தவர் அதில் நேரத்தை எழுதிவைத்துவிட்டுப் போவார். வழக்கமாக அரை மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று அளவு வைக்கலாம். நேரம் கடந்தாலோ, சீட்டே இல்லாவிட்டாலோ, அந்த இருக்கை அடுத்தவருக்கு உரியது.

இதில் ஒரு கட்டுப்பாட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரம் கடந்த பொருள்களை எடுத்து வைப்பது நூலகப் பணியாளராக மட்டுமே இருக்க வேண்டும். அவையும் எல்லோர் கண்ணிலும் படும்படி முகப்பு மேசையில் இருக்க வேண்டும். ஒரு மாணவர் இன்னொருவரின் நோட்டை நகர்த்தியதில் தொடங்கி, அதற்குள் இருந்த பணத்தைக் காணவில்லை என்ற குற்றச்சாட்டில் முடிந்து, இரண்டு நண்பர்கள் படிப்பு முடியும் வரை பேசாமல் இருந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஆறாம் படி: பேருந்தில் வருபவர்களுக்கான வரிசை

சீட்டு முறை ஒன்றே போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூலகம் திறக்கும்போது விடுதி மாணவர்கள் வாசலில் நிற்க முடியும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவரால் முடியாது. விடுதியில் இருப்பவருக்குக் கூடத்தில் இடம் கிடைக்காவிட்டால் அறையாவது இருக்கிறது. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டிலிருந்து, அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே படித்துவிட்டு வருபவருக்கு நூலகம்தான் ஒரே மேசை. எனவே ஏதேனும் ஒரு வரிசையையாவது, எந்தப் பொருளும் வைத்து இடம் பிடிக்கக் கூடாத வரிசையாக அறிவிக்கக் கேளுங்கள். அமர்ந்தால் இருக்கை உங்களுடையது, எழுந்தால் இல்லை என்பதே அந்த வரிசையின் விதி. எத்தனை மேசைகள் வேண்டும் என்பதை உங்கள் 10 மணிச் சுற்றின் எண்களே சொல்லும்.

ஏழாம் படி: மறுபடியும் எண்ணுதல்

புதிய ஏற்பாட்டை இரண்டு வாரம் நடத்திவிட்டு, அதே நேரங்களில், அதே வழியில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு கணக்குகளையும் ஒப்பிடுவதற்கு, நாள்களின் தன்மையும் ஒத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் கொட்டும் நவம்பர் மாதத்தில்தான் நம் தேர்வுகளும் வருகின்றன என்பதால், பேருந்துகள் தாமதமான மழை நாளை வெயில் நாளோடு ஒப்பிட்டால் முடிவு தவறாகிவிடும். ஒவ்வொரு தாளின் மேலும் தேதி, கிழமை, மழை இருந்ததா இல்லையா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

தாள்களின் ஒரு படியை நூலக அலுவலகத்தில் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு படியை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் கொடுத்து, ஒரு சுற்றில் அவர்களையும் உடன் அழைத்துச் சென்று, எந்த மேசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டிவிடுங்கள்.