கொராய்ட்: ஐரிஷ் உருளைக்கிழங்கு ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வார்னம்பூலிலிருந்து 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது கொராய்ட். பச்சைக் கொடியும் பழைய மதுவிடுதியும் மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள். மண்ணிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்
ஐரிஷ் விழா நடப்பது ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தை ஒட்டி. ஐரிஷ்காரர்களின் பெரிய திருநாளான புனித பாட்ரிக் நாள், மார்ச் 17-ஐ நம்பி வந்து ஏமாறாதீர்கள். விழா வாரத்தில் தங்க இடம் கிடைப்பது கடினம், முன்பதிவு வேண்டும். ஊர் அமைதியாகத் தெரிய வேண்டுமானால் சாதாரண வாரநாளே மேல்.

படி 2: போய்ச் சேருங்கள்
மெல்பர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து வார்னம்பூலுக்கு ரயில், சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கொராய்ட்டுக்குப் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாலையில் மாட்டிக்கொள்வீர்கள். காரில் வந்தால் பிரின்சஸ் நெடுஞ்சாலை; கிரேட் ஓஷன் சாலை அழகானது, ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது.

படி 3: ஊருக்கு முன் டவர் ஹில்
நெடுஞ்சாலையில் வார்னம்பூலைத் தாண்டியதும் வலப்பக்கம் டவர் ஹில் என்ற எரிமலைப் பள்ளம் வரும். சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் வடக்கு விளிம்பில்தான் கொராய்ட் உட்கார்ந்திருக்கிறது. காடு அழிந்துபோன இந்தப் பள்ளத்தில் 1960-களில் மரம் நட்டபோது, எந்த மரம் எங்கே இருந்தது என்று அறிய 1855-இல் வரைந்த ஓர் ஓவியத்தைப் பார்த்தார்கள். உள்ளே ஒருவழிச் சாலை. மெதுவாக ஓட்டி, மரக்கிளைகளின் கவட்டையில் கோவாலாவைத் தேடுங்கள். ஈமு பக்கத்தில் வந்தாலும் தீனி போடாதீர்கள். பழகிவிட்டால் சாலைக்கு வந்து அடிபடும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 4: வயல்களைப் படியுங்கள்
எரிமலைச் சாம்பலால் வளமான கறுப்பு மண் இது. 1840-களில் இந்த வட்டாரத்தில் 5,120 ஏக்கர் கொண்ட பெரிய நிலப்பகுதிகளை ஏக்கர் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு வாங்கியவர்களில் வில்லியம் ரட்லெட்ஜ் என்ற ஐரிஷ்காரரும் ஒருவர். குத்தகைக்கு வந்த ஐரிஷ் குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்த பயிரையே போட்டார்கள்: உருளைக்கிழங்கு. இன்று அதோடு வெங்காயமும் பால்மாடும் உண்டு.

படம் எடுப்பதற்காக வயலுக்குள் இறங்கவே கூடாது. செருப்பில் ஒட்டும் மண்ணோடு, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு அடுத்த வயலுக்குப் போகும். உருளைக்கிழங்கு விவசாயி அஞ்சுவது இதைத்தான். மாடுகள் பால் கறக்கச் சாலையைக் கடந்தால் இன்ஜினை நிறுத்திக் காத்திருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வீட்டு வாசலில் மூட்டையும் காசுப் பெட்டியும் வைத்திருந்தால் அது ஆளில்லா விற்பனை; எடுத்ததற்குச் சரியான சில்லறை போட வேண்டும்.

படி 5: ஊர்
கமர்ஷியல் சாலையில் பழைய மதுவிடுதியான கொராய்ட் ஹோட்டல், கல்லால் கட்டிய கத்தோலிக்க தேவாலயம், தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கில்ஃபாய்ல் வடிவமைத்த தாவரவியல் பூங்கா, எல்லாமே நடைதூரம். சிற்றூர்ச் சமையலறைகள் மதிய உணவை 2 மணிவாக்கில் முடித்துவிடும், அதனால் 12:30-க்கே உட்காருங்கள்.

சைக்கிள் இருந்தால் பழைய ரயில் தடத்தில் கடலோர ஊரான போர்ட் ஃபேரி வரை போகலாம். வார்னம்பூலிலிருந்து முழுத் தடம் சுமார் 37 கி.மீ. தென்கடல் காற்று எதிர்த்தால் நேரம் கூடும்; கோடையிலும் காற்றுத் தடுக்கும் மேலாடை வேண்டும். போர்ட் ஃபேரிக்கு 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்ற ஐரிஷ் நகரின் பெயர்தான்.

காரில் வந்தவர்கள் இருட்டுமுன் கிளம்புங்கள். அந்தி நேரத்தில்தான் கங்காருக்கள் சாலைக்கு வரும்.