மெதுவாகச் சொத்தை எடுத்த பல்லில் எதை அடைப்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி முகாம்களுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்தால், நாங்கள் படித்த காலத்துத் தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. டிரில் இல்லாமல் எக்ஸ்கவேட்டர் என்ற சின்னக் கரண்டி போன்ற கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் ஏ.ஆர்.டி. முறையில், சுரண்டுவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எதை வைத்து அடைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். கையுறை, வெளிச்சம் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

ஜி.ஐ.சி. எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். ஜி.ஐ.சி. (கிளாஸ் அயனோமர் சிமென்ட்) என்பது கண்ணாடிப் பொடியையும் அமிலத் திரவத்தையும் கலந்து செய்யும் சிமென்ட். அதில் டைப் 1 என்பது பல்லுக்குப் போடும் கேப்பை ஒட்டுகிற வகை. மெல்லிய படலமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அதன் பொடி நைசாக இருக்கும், கலவையும் நீர்க்க இருக்கும். கடிக்கிற விசையை அது தாங்காது. 1980களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கிய முறை ஏ.ஆர்.டி. அதில் சாதாரண ஜி.ஐ.சி. தேய்ந்துபோனதால்தான் 1990களில் கெட்டியான டைப் 9 வகை வந்தது.

ஒரு முகாமில் ஒரு மாணவி கேப் சிமென்டை வைத்தே கடைவாய்ப் பற்களை அடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "இதுவும் ஜி.ஐ.சி. தானே சார், பெட்டியில் மீதி இருந்தது" என்றார். அடுத்த முறை போனபோது அடைத்த இடமெல்லாம் பள்ளம், ஓரத்தில் புதுச் சொத்தை, ஒரு பையன் வாயையே திறக்க மாட்டேன் என்கிறான், டீச்சர் வேறு "இந்த முறை சரிப்படாது போல, டாக்டர்" என்கிறார். முறையில் ஒரு குறையும் இல்லை, பழி மட்டும் அதன்மேல்.

டைப் 9 வாங்கியவர்களும் அதைக் கெடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஸ்கூப் பொடிக்கு ஒரு சொட்டுதான் கணக்கு. வெயிலில் கலவை சட்டென்று இறுகுகிறது என்று இன்னொரு சொட்டு விட்டால் வலுவெல்லாம் போய்விடும். அதற்குப் பதில் கண்ணாடிப் பலகையைக் கொஞ்சம் குளிரவைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் நீர் பூக்காத அளவுக்கு. கலவை மினுமினுப்பாக இருக்கும்போதே குழிக்குள் போக வேண்டும். மங்கிவிட்டால் பல்லோடு ஒட்டாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

எச்சில் ஊறும் வாயில் காம்போசிட்

காம்போசிட் என்பது பல் நிறத்தில் இருக்கும் பிசின் அடைப்பு. பல் நிறத்திலேயே வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரிக்கும் ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைப் போட முடிந்து, சுற்றிலும் நல்ல எனாமலும் (பல்லின் வெளி அடுக்கு) இருந்தால் சரி. இல்லையென்றால் வேண்டாம். அடியில் நாம் விட்டுவைக்கிற தோல் போன்ற டென்டினில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) காம்போசிட்டை ஒட்டவைக்கும் பான்டிங் அவ்வளவாகப் பிடிக்காது, எச்சிலும் பட்டால் கதை முடிந்தது. ஜி.ஐ.சி. ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், கால்சியத்தோடு ஒட்டும், ஃபுளோரைடும் விடும்.

குழியின் ஓரத்தில் மென்மையான சொத்தையை விட்டுவைப்பது

நரம்புக்கு மேலே விடலாம். ஓரத்தில் கூடவே கூடாது.

கண்டிஷனரைத் தவிர்ப்பது

ஜி.ஐ.சி. நன்றாக ஒட்டுவதற்காக, அடைக்கும் முன் குழியில் தடவிக் கழுவும் மென்மையான அமிலம் அது. 10 முதல் 20 விநாடி வேலை. செய்யுங்கள்.

வெள்ளி அடைப்பு

அமல்கம் பல்லோடு ஒட்டாது. பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டியிருக்கும், அப்புறம் மெதுவாகச் சுரண்டியதற்கு என்ன பயன்?

இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள சொத்தை

ஒரு பக்கக் குழியில் டைப் 9 நன்றாக நிற்கும். மெல்லும் பக்கமும் இடைப்பக்கமும் சேர்ந்த குழியில் உடையும் வாய்ப்பு அதிகம். பால் கடைவாய்ப் பல் என்றால் ஸ்டீல் கேப் பற்றி முதலிலேயே பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.

அடைத்த கையோடு அனுப்பிவிடுவது

விரலில் வாஸ்லின் தடவி அடைப்பை அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது என்பதைப் பிள்ளையிடம் மட்டும் சொன்னால் போதாது, டீச்சரிடமும் சொல்லுங்கள். சத்துணவு நேரத்துக்குச் சற்று முன்பு யாருக்கும் அடைக்காதீர்கள்.