முதுகு அறுவைக்குப் பின் நடக்கத் தொடங்குதல்: இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து மலேசியாவின் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கோ அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கோ வீடு திரும்புகிறவருக்கு இருவிதமான அறிவுரை காத்திருக்கும். ‘ஆறு மாதம் அசையாமல் படுத்திரு’ என்பார்கள் வீட்டார். ‘பழையபடி வேலையைப் பார்த்தால் தானாகச் சரியாகும்’ என்பார்கள் உடன் வேலை செய்தவர்கள். இனிப்புநீர் உள்ளவருக்கு இரண்டுமே கெடுதல். படுத்தே கிடந்தால் தசை மெலியும், காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும், சர்க்கரையும் ஏறும். ஏறிய சர்க்கரை வெள்ளை அணுக்களின் வேலையை மந்தமாக்கிக் காயத்தில் கிருமி தங்க இடம் கொடுப்பதோடு, தோலும் எலும்பும் கூடுவதையும் தாமதப்படுத்தும். அவசரப்பட்டுக் குனிந்து பாரம் தூக்கினாலோ, தையல் தேறினாலும் உள்ளே ஆற வேண்டியது ஆறாது. ஆகவே முதல் ஆறு வாரங்களுக்கான முக்கியப் பயிற்சி, அறுவை செய்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், நடையே.

நடப்பதற்கு முன் எழுந்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழ முயலாமல், முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலின் ஓரத்தில் இறக்கிக்கொண்டே, கீழ்ப்புறக் கையின் முழங்கையையும் மறு உள்ளங்கையையும் ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருப்பது நல்லது. நீண்ட நாள் இனிப்புநீர் உள்ள சிலருக்கு, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதுகு அறுவைக்குப் பின் கீழே விழுவது யாருக்கும் ஆகாது.

தொடக்கத்தில் ஐந்து நிமிட நடை, நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை, போதும். காலை, மதியம், இரவு உணவுக்குப் பிறகு ஒவ்வொரு தடவை நடந்தால் முதுகுக்கும் சர்க்கரைக்கும் ஒருசேர நன்மை. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதால், சாப்பிட்டபின் ஏறும் அளவு தணியும். சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். மறுநாள் காலில் மின்னல் வெட்டுவதுபோல் வலி கூடியிருந்தால், முந்தைய அளவுக்கே இறங்கிவிட வேண்டும். தோட்டத்துச் செம்மண் சடக்கில் (சாலையில்) செம்பனை மட்டைகளுக்கும் குழிகளுக்கும் நடுவே நடப்பதைவிட, வீட்டு முன்வாசல், பள்ளித் திடல், பட்டணத்துக் கடைகளின் அஞ்சடி (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) ஆகியவை பாதுகாப்பானவை. மாலை மழை பிடித்துக்கொண்டால் அஞ்சடிதான் கைகொடுக்கும்.

சர்க்கரைதான் அதிகம் கவனிக்க வேண்டிய இடம். விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்ட வேலையாட்களுக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) ஒரு கடுங்காப்பியோடு கிளம்பிப் பழகியவர்கள், ஓய்வு பெற்ற பிறகும் வெறும் வயிற்றில் நடக்கத்தான் விரும்புவார்கள். இன்சுலினோ, கிளிக்லசைடு என்னும் சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு இது ஆபத்தான பழக்கம். நடைக்கு முன் விரல் நுனியில் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் (இங்குள்ள அளவுகள் mmol/L கணக்கில்). 5-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். 4-க்குக் கீழே இறங்கினால் நடையை மறந்துவிட்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். 14-க்கு மேலே போய், உடம்பும் சோர்ந்திருந்தால் அன்று நடை வேண்டாம். கிளினிக்குக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிலருக்குக் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். அத்தகையவர் வியர்வையையும் மயக்க உணர்வையும் அடையாளமாகக் கொள்ள வேண்டும். நடக்கப் போகும் நேரத்தில் தொடையில் இன்சுலின் ஏற்றினால் அது விரைவாக வேலை செய்துவிடும். வயிற்றில் ஏற்றுவது மேல். நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் புட்டியோடுதான் வருவார்கள். அன்போடு வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். காயம் ஆற உதவுவது முட்டை, மீன், பருப்பு போன்ற புரதம்.

பாதத்தில் மரமரப்பு இருந்தால் எதனால் என்று பிரித்தறிவது முக்கியம். இரண்டு பாதங்களிலும் விரல் நுனியிலிருந்து மேலேறும் மரமரப்பு பெரும்பாலும் இனிப்புநீரால் வருவது. ஒரு காலில் மட்டும் ஒரு பட்டைபோல் இறங்குவது நரம்பு நசுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். எப்படியாயினும் ஜப்பான் சிலிப்பரை விட்டுவிட்டு, குதிகால் மூடிய, மென்மையான காலணியும் காலுறையும் அணிந்தே நடக்க வேண்டும். குனியக் கூடாதாகையால் பாதத்தை ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்க்க வேண்டும், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: குதிகாலில் ஒரு வெள்ளிக்காசளவு சிவந்திருந்தால்கூட, அது மறையும்வரை அந்தக் காலணியைத் தொடக் கூடாது. கோயிலில் சுடும் தரையில் வெறுங்காலோடு சுற்றுவதையும், விழுந்து வணங்குவதையும் தள்ளிப்போடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

குனிதல், தூக்குதல், திருகுதல் மூன்றும் ஆறு வாரங்களுக்காவது கூடாது. எலும்பை இணைத்துத் திருகாணி வைத்தவர்களுக்கு மூன்று மாதம் வரையும் ஆகலாம். கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) எரிவாயு மட்டுமே 14 கிலோ இருக்கும். செம்பனைக் குலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) பின்னால் உட்கார்ந்து தோட்டத்துச் சடக்கில் குலுங்கிக்கொண்டு போவதும் இதில் சேரும். குந்தி உட்காரும் கழிவறைக்கு மேலே வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. நாற்காலியில் உட்காரும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். படுக்கையில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையையும் புட்டத்தையும் ஐந்து நொடி இறுக்கி விடுவது ஆகிய இரண்டும் போதும். மூச்சை அடக்கக் கூடாது, குறிப்பாகக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள். எண்ணெய் போட்டு உருவி விடுபவரை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள்.

காயத்தில் சிவப்பு பரவினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்வு மரத்தாலோ, கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே 999-ஐ அழைக்க வேண்டும்.