சங்கத் தேர்தலில் டேப்லெட் வைத்தால் தாள் பதிவை எப்படிச் செய்வது

தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத் தேர்தலுக்கு டேப்லெட் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கும் பிரிண்டரில் அச்சாகித் தாளிலும் இறங்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் மின்தராசைப் போலத்தான்: எண் கண்ணெதிரே தெரிந்து துண்டிலும் ஏறினால்தான் சம்பளத்தன்று கேட்க வாய் இருக்கும்.

300 அங்கத்தினருக்கு 330 தாள்களை எல்லார் முன்னும் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு எடுங்கள். கடையில் பில் அடிக்கும் ரோல் வேண்டாம். அதன் எழுத்து சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும். வாக்கு விழுந்த வரிசையும் ரோலில் அப்படியே நிற்பதால் யார் யாருக்குப் போட்டார் என்று பிடித்துவிடலாம். ஏ4 தாளைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்துங்கள். தாளில் நேரமோ தொடர் இலக்கமோ வரக்கூடாது. பெயரும் சின்னமும் மூக்குக்கண்ணாடி இல்லாத ஆயாவுக்கும் தெரியும் அளவில் இருக்கட்டும்.

அதிகம் கோட்டை விடும் இடம் அடுத்தது. தாள் வந்தாலும் பலர் அதை வாசிப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதிரி வாக்கெடுப்பொன்றில் தாளில் ஒரு தேர்வை வேண்டுமென்றே மாற்றி அச்சிட்டார்கள்; 2020இல் வெளியான முடிவின்படி, யாரும் நினைவூட்டாதபோது அதைக் கவனித்துச் சொன்னவர்கள் 6.6 சதவீதம்தான். இந்தியத் தேர்தல் வாக்கு இயந்திரத்தில் தாள் கண்ணாடிக்குள் 7 வினாடி தெரியும். நீங்கள் தாளைக் கையிலேயே கொடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, “பெயரைப் பார்த்தீங்களா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். தாளை எட்டிப் பார்க்க அவருக்கு உரிமையில்லை.

வாக்காளர் தாளை வாசித்து டேப்லெட்டில் “சரி” அழுத்திய பிறகே வாக்கு கணக்கில் ஏற வேண்டும். அப்போதுதான் கரண்ட் போனாலும் குழப்பம் வராது. “சரி” அழுத்தாதவர் மறுபடி போடலாம். பிழையான தாள்களைக் கிழிக்காமல் தனி உறையில் வையுங்கள். லேசர் பிரிண்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அதன் இழுவையைத் தாங்காது.

பெட்டி வெறுமையாக இருப்பதைக் காலையில் காட்டி, அரக்கு முத்திரை வையுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் இரு தரப்பு ஆட்களும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முடிவில் இடாப்புக் கையெழுத்து, பெட்டித் தாள், இயந்திரக் கணக்கு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எல்லாத் தாளையும் ஐம்பது ஐம்பதாகக் கட்டி எண்ணுங்கள். சில தாளை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரிச் சோதனை 300 தாளுக்குத் தேவையில்லை. இயந்திரம் வேறு எண் சொன்னால் தாளே முடிவு என்று முந்தைய கூட்டத்திலேயே தீர்மானம் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்தைவிடத் தாள் கூடியிருந்தால் அந்தத் தீர்மானம் செல்லாது. தேர்தலை மறுபடி வையுங்கள்.