ஜெர்க்கினில் சோலார் விளக்கு: பேனலை எங்கே தைப்பது?

ஊட்டி, குன்னூர் பக்கம் சாயங்காலம் இருட்டும் மூடுபனியும் சேர்ந்தே இறங்கும். சாலையோரம் நடந்து வருபவரின் ஜெர்க்கினில் ஒரு சின்ன எல்இடி எரிந்தால், எதிரே வரும் வண்டிக்கு ஆள் தெரியும். அதைச் சூரிய ஒளியில் எரிய வைக்க நினைத்தால், பேனலின் அளவைவிட அதன் இடத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

நெஞ்சுப் பக்கம் வேண்டவே வேண்டாம். தேயிலை பறிப்பவரும் கேரட் தோட்டத்தில் களையெடுப்பவரும் குனிந்துதான் வேலை செய்கிறார்கள். வெயில் படுவது தோளிலும் மேல்முதுகிலும். ஆனால் அங்கே கூடையின் நிழல் விழும். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு செல்லை நிழல் மறைத்தாலும் மொத்த மின்சாரமும் சரிந்துவிடும். அதனால் ஒரே பெரிய பேனலுக்குப் பதில் தோளுக்கு ஒன்றாக இரண்டு அரை வாட் பேனல்கள் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்) போட்டு, இரண்டையும் பக்க இணைப்பில் சேருங்கள். ஒரு தோள் மறைந்தாலும் மற்றது வேலை செய்யும்.

இரண்டு பேனலும் சேர்ந்தால் 1 வாட்; 4 மணி நேர நல்ல வெயிலுக்குக் கணக்குப்படி 4 வாட்-மணி மின்சாரம் கிடைக்கும். உடம்பில் மாட்டியிருக்கும்போது பாதியை மட்டும் நம்புங்கள். அரை வாட் எல்இடி 4 மணி நேரம் எரிய அது போதும். மேகம் மூடிய நாளில் இதுவும் கிடைக்காது.

அப்புறம் பேட்டரி. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். உறைபனிக் காலத்தில் அதை உள்பையில், உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள சார்ஜிங் போர்டையே வாங்குங்கள். துவைக்கும்போது எல்லாவற்றையும் கழற்ற வெல்க்ரோ போதும்.