எலக்ட்ரானிக் டார்கெட்: ரைஃபிள் கிளப்புகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

காகித டார்கெட்டின் ஓட்டைக்குள் கேஜை (குண்டின் விட்டமுள்ள அளவுக் குச்சியை) நுழைத்து, கோட்டைத் தொட்டதா இல்லையா என்று மூன்று பேர் குனிந்து வாதாடிய மாலைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. குண்டு பட்ட இடத்தைத் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டும் எலக்ட்ரானிக் டார்கெட் வந்தால் அந்தச் சண்டை ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லாக் கிளப்பும் வாங்குகிறது. சண்டை ஓய்வதில்லை. முன்பு ஓட்டையைக் காட்டிச் சண்டை போட்டார்கள், இப்போது திரையைக் காட்டிப் போடுகிறார்கள். காரணம், நாம் வாங்கியது நடுவரை அல்ல, ஓர் அளவுகோலை. அதைப் பொருத்திய விதத்துக்குத் தக்கபடிதான் அது அளக்கும்.

வாங்கும் முன்பே செய்கிற பிழை

பெரும்பாலான கிளப்புகள் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நம் ரேஞ்சில் சுடப்படும் குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா?

திறந்த சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மைக் வைத்த டார்கெட் குண்டைப் பார்ப்பதில்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டு தன்னோடு இழுத்து வரும் அதிர்வலையை அது கேட்கிறது. அலை எந்த மைக்கை எத்தனை மைக்ரோ நொடி முன்பின்னாக அடைந்தது என்று கணக்கிட்டுப் புள்ளி வைக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். பாயின்ட் 22 ரிம்ஃபயரின் மேட்ச் தோட்டா 320, 330 மீட்டர் வாக்கில்தான் போகும். ஏர் ரைஃபிள் பெல்லட் 170 சொச்சம். இவை இரண்டிலும் அதிர்வலையே கிடையாது. ஒலியை மிஞ்சும் சென்டர்ஃபயர் தோட்டாவுக்கென்று செய்த திறந்த சட்டத்தை வாங்கி 50 மீட்டர் ரேஞ்சில் நிறுத்தினால் அது ஊமையாகத்தான் நிற்கும். அங்கே வேண்டியது, முன்னால் காகிதமோ ரப்பரோ இழுத்துக் கட்டிய மூடிய பெட்டிக்குள் மைக் இருக்கும் வகை, அல்லது அகச்சிவப்புக் கதிர்களால் குண்டின் நிழலைப் பிடிக்கும் ஆப்டிகல் வகை.

நெடுந்தூர ரேஞ்ச்காரர்களுக்கு இதிலேயே இன்னொரு சங்கடம் உண்டு. சுடும் இடத்தில் ஒலியை மிஞ்சியிருந்த குண்டு, ஆயிரம் கெஜம் போய்ச் சேரும்போது ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். அப்போது சில குண்டுகள் பதிவாகும், சில ஆகாது. பதிவானதும் இடம் தள்ளி விழலாம். கருவியைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தத் தோட்டாவின் வேகம் அந்தத் தூரத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.

நட்டு வைத்தால் போதும் என்ற நினைப்பு

சட்டம் நேராக நிற்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். யாரும் பொருட்படுத்துவதில்லை. மேல் மைக்குகள் கீழ் மைக்குகளைவிட 2 செ.மீ. பின்னால் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 600 மீட்டர் வேகக் குண்டு அந்த 2 செ.மீ.யைக் கடக்க 33 மைக்ரோ நொடி ஆகும். அந்த நேரத்தில் ஒலி 11 மி.மீ. நகர்ந்துவிடும். கருவி அதை உயரத்தில் வந்த வித்தியாசமாகப் படித்து, புள்ளியைச் சில மி.மீ. தள்ளி வைக்கும். இதைச் சரிக்கட்ட மூலைக்கு இரண்டாக எட்டு மைக் வைத்த அமைப்புகளும் உண்டு. நான்கு மைக்தான் என்றால் ரசமட்டம் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மண்ணில் நட்ட கம்பம் மழைக்குப் பிறகு சாயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெப்பமும் அப்படித்தான். ஒரு டிகிரி ஏறினால் ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். காலை 20 டிகிரியில் பதிந்த அளவையே மதியம் 35 டிகிரியிலும் கருவி நம்பிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ இரண்டரை சதவீதப் பிழை. இதில் ஒரு வேடிக்கை: நட்ட நடுவில் விழும் குண்டுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லா மைக்குக்கும் ஒரே தாமதம். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி விழுந்ததற்கு 8 மி.மீ. வரை தவறும். ஆகவே நடுவில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து "சரியாகத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போடுவது சோதனையே அல்ல. வெப்ப உணரி வெயில் படாமல், காற்றோட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த சட்டத்தில் பக்கக் காற்றும் ஒலியைத் தள்ளிக்கொண்டு போகும். நொடிக்கு 5 மீட்டர் காற்று ஒரு மீட்டர் ஒலிப் பாதையில் 1 செ.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். இது குண்டைக் காற்று தள்ளுவதோடு சேர்த்து வரும் தனிக் கணக்கு.

சோதிக்க ஒரே வழிதான். டார்கெட்டின் மேல் புதுக் காகிதம் ஒட்டி, நடுவில் ஒன்று, நான்கு மூலைப் பக்கமும் ஒவ்வொன்று, இடையில் சில என்று வேண்டுமென்றே சிதறடித்துச் சுடுங்கள். பிறகு காகிதத்தைக் கழற்றி மேசையில் விரித்து, ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியை வெர்னியரால் அளந்து, திரையிலுள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். எங்கள் கிளப்பில் முதல் முறை இதைச் செய்தபோது இடது மேல் மூலை மட்டும் ஒத்துவரவில்லை. அரை மணி நேரம் மென்பொருளைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால், அந்த மைக்கின் இடத்தை டேப்பால் அளந்து எழுதிய நான்தான் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தேன்.

கேலிபரும் டார்கெட் வகையும்

இது சின்ன விஷயம், ஆனால் மென்பொருளின் பட்டியலில் தவறான வரியைத் தொட்டுவிடுவது அன்றாடம் நடக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ., ஆக ஒரு தசமம் (புள்ளியில் பத்தில் ஒரு பங்கு) என்பது 0.25 மி.மீ. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதற்குப் பதில் பாயின்ட் 22 குண்டின் 5.6 என்று அமைப்பில் இருந்தால், அதை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருளில் குண்டுக்கு இரண்டு தசமம் சும்மா கிடைக்கும். அறுபது குண்டுப் போட்டியில் அது 12 புள்ளி. யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்பதுதான் இதில் ஆபத்து.

இடம் போதாத கிளப்புகள் 50 மீட்டர் டார்கெட்டை 25 மீட்டரில் வைத்துச் சுடுவதுண்டு. எல்லாவற்றையும் பாதியாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். டார்கெட் பாதியாகும், குண்டு பாதியாகாதே! 50 மீட்டரில் பத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதைப் பாதியாக்கி 5.2 என்று வைத்தால் 5.6 மி.மீ. குண்டுக்குப் பத்து அடிப்பது எளிதாகிவிடும். குண்டின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2.4 மி.மீ. என்று வரும். 5.2 வைத்த எளிய டார்கெட்டில் பழகிப் பெருமைப்பட்டவர் உண்மையான 50 மீட்டருக்குப் போகும்போது முகம் வாடிப்போகும்.

ரப்பர் பட்டை தீர்ந்த கதை

மூடிய பெட்டி வகையில் குண்டு காகிதத்தையோ ரப்பரையோ கிழிக்கும் சத்தம்தான் செய்தி. ஒரே இடத்தில் குண்டு விழுந்துகொண்டே இருந்தால் அங்கே பெரிய பொந்து விழும், அடுத்த குண்டு எதையும் தொடாமல் போய்விடும். அதனால்தான் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. மோட்டார் சிக்கிக்கொண்டாலோ சுருள் தீர்ந்தாலோ முதலில் மாட்டுபவர் நன்றாகச் சுடுபவர். சுமாராகச் சுடுபவருக்குப் புள்ளி அழகாகப் பதிவாகிக்கொண்டிருக்கும், பத்துக்குப் பத்து அடிப்பவருக்குத் திரை காலியாக இருக்கும். இவ்வளவு சுட்டபின் பட்டையை மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கை வைத்து லேனுக்கு ஒரு சீட்டு தொங்கவிடுங்கள். "தேயும்போது மாற்றிக்கலாம்" என்றால் அது போட்டி நாளன்றுதான் தேயும்.

திரை காலியாக இருந்தால்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலை இறுதிச்சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 3 புள்ளி முன்னிலையில் கடைசிக் குண்டைச் சுட்டார். திரையில் எதுவும் வரவில்லை. கருவியில் கோளாறு என்றே நினைத்து நடுவர்களை அழைத்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. அவர் சுட்டது பக்கத்து லேன் டார்கெட்டில், அங்கே 8.1 பதிவாகியிருந்தது. அவருக்குப் பூஜ்யம், தங்கம் கைநழுவி எட்டாம் இடம்.

கிளப்பில் இது மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். பதக்கம் மட்டும்தான் இருக்காது. குண்டு பதிவாகவில்லை என்று ஒருவர் கை தூக்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அடுத்த குண்டைச் சுடாமல் உடனே சொல்ல வேண்டும். பக்கத்து இரண்டு லேன்களின் பதிவையும் நேரத்தோடு பார்க்க வேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் ஓர் அட்டை கட்டியிருந்தால் ஓட்டை அங்கே சாட்சி சொல்லும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலில் நிறுத்துவது இந்தப் பின் அட்டையைத்தான். நிறுத்தாதீர்கள். எல்லா லேன்களின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் யார் குண்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

முன்னால் போகும் ஆட்கள்

காகித டார்கெட் காலத்தில், டார்கெட்டுக்குக் கீழே குழிக்குள் குறி காட்ட ஆள் இருந்தார், கொடி இருந்தது, சத்தம் போட்டுச் சொல்லும் வழக்கம் இருந்தது. குழி காலியானதும் அந்தப் பழக்கங்களும் தளர்ந்துவிடுகின்றன. பட்டை மாற்ற, பேட்டரி மாற்ற, ஆன்டெனாவைத் திருப்ப என்று "இதோ ஒரு நிமிஷம்" என்றபடி ஒருவர் முன்னால் நடப்பதைப் பார்த்து எனக்கு ரத்தம் உறைந்திருக்கிறது. எல்லா ரைஃபிளும் திறந்து, சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) காலி என்று காட்டும் கொடி செருகி, ரேஞ்ச் ஆபீசர் சொன்ன பிறகுதான் எவரும் சுடும் கோட்டைத் தாண்ட வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கும் இல்லை.

கண் திரையில், கை டிரிகரில்

புதுத் திரை வந்த முதல் மாதம் பலருடைய ஸ்கோர் இறங்கும். சுட்டு முடித்த கணமே கண் மானிட்டருக்குப் பாய்கிறது, சுட்டபின்னும் நிலையைக் கலைக்காமல் இருக்கும் ஃபாலோ த்ரூ காணாமல் போகிறது. பத்துப் புள்ளி மூன்று வந்தாலே குறிபார்க்கும் சைட்டைத் திருப்பத் தோன்றும். முன்பெல்லாம் ஐந்து குண்டு சுட்டபின் ஸ்கோப்பில் ஓட்டைகளின் குழுவைப் பார்த்துத் திருத்தினோம், இப்போது குண்டுக்கு ஒரு திருத்தம். பயிற்சியில் பாதி நாள் திரையைத் துணியால் மூடிவைக்கச் சொல்லுங்கள். குண்டு எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னபின் துணியை விலக்கட்டும். வைக்கும் இடமும் முக்கியம். நிலையைக் கலைக்காமல், தலையை மட்டும் லேசாகத் திருப்பினால் தெரிய வேண்டும். வெயிலில் டேப்லெட் கண்ணாடிபோல் பளபளக்கும், நிழல் மறைப்பு வாங்க மறக்காதீர்கள்.

கடைசியாக, ஒரே மூச்சில் எல்லா லேனையும் மாற்றாதீர்கள். இரண்டு லேனில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பாருங்கள். அமைப்பைப் புரிந்தவர் கிளப்பில் ஒரே ஆள் என்றால், அவர் வராத ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சே மூடிக்கிடக்கும். இரண்டாவது ஆளைக் கூட உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள், பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வையுங்கள். ஒரு கட்டு காகித டார்கெட்டும் கேஜும் அதே அலமாரியில் இருக்கட்டும். மின்சாரம் போகும் நாள் போட்டி அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.