குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகள்: தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

மனித உடற்செல்லில், மரபுத் தகவலைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46 இருக்கின்றன என்பது 1956இல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் வெளியிட்ட ஆய்வால்தான் உறுதியானது. அதுவரை பல பத்தாண்டுகளாக 48 என்றே பாடநூல்கள் கூறிவந்தன. எண்ணிக்கை சரியாகத் தெரிந்த மூன்றே ஆண்டுகளில், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பது கண்டறியப்பட்டது. பரிசோதனைகள் அன்றிலிருந்து வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் அவற்றின் முடிவைப் புரிந்துகொள்வதில் குடும்பங்கள் செய்யும் தவறுகள் பெரிதும் மாறவில்லை.

முதல் தவறு, யார் மீதாவது பழி சுமத்துவது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஓர் இணைக் குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிடுவதே பெரும்பாலான எண்ணிக்கைக் கோளாறுகளுக்குக் காரணம். தாய் உண்ட உணவோ, செய்த வேலையோ, பட்ட மனவருத்தமோ இதற்குக் காரணமாவதில்லை. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம் என்பதை அறியாமல், மாடிப்படி ஏறியதையும் பயணம் செய்ததையும் நினைத்து வருந்தும் பெண்கள் ஏராளம். தாயின் வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பு நீள நீள, குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்கின்றன. டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350இல் ஒன்றாகவும், 40 வயதில் சுமார் 100இல் ஒன்றாகவும் இருப்பது இதனால்தான். இதைக் கொண்டு இளம் தாய்மார்களுக்கு ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழையே. இளம் வயதில் நிகழும் பிரசவங்கள் மிக அதிகம் என்பதால், பரிசோதனைகள் பரவலாகாத காலத்தில் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்களுக்கே பிறந்தனர்.

இன்று அதிகம் நிகழ்வதும், என் கருத்தில் மிகவும் ஆபத்தானதும், முதல்நிலைப் பரிசோதனையை இறுதி முடிவாகக் கொள்வதாகும். தாயின் ரத்தத்தில் கலந்துள்ள டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் பரிசோதனையை ‘99 சதவீதம் துல்லியமானது’ என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆயிரத்தில் ஒரு கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வயதுப் பிரிவில், 10,000 கர்ப்பிணிகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிப்புள்ள கருக்கள் 10. ஏறக்குறைய அத்தனையும் பிடிபடும். ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ வந்தாலும் கூட, பாதிப்பில்லாதவர்களிலும் 10 பேருக்கு அதே முடிவு கிடைக்கும். அதாவது, ‘பாசிட்டிவ்’ என்று வந்த 20 பேரில் பாதிப் பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. மேலும், அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் கருவிலிருந்து நேரடியாக வருவதன்று, கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து கருவில் இல்லாமல் போவதும் உண்டு. எனவே பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு முன் கர்ப்பத்தைப் பற்றித் திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் எடுக்கக் கூடாது.

எல்லாக் கோளாறுகளையும் ஒரே தராசில் நிறுப்பதும் தவறு. 13ஆம், 18ஆம் குரோமோசோம்கள் மும்மடங்காக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. எக்ஸ், ஒய் எனும் பாலினக் குரோமோசோம்களின் நிலை வேறு. கூடுதலாக ஓர் எக்ஸ் உள்ள ஆண்களில், அதாவது கிளைன்ஃபெல்டர் நிலையில், பலர் குழந்தையின்மைக்காகச் சோதிக்கும்போதுதான் அதை அறிகிறார்கள். சிலர் கடைசிவரை அறிவதே இல்லை. கூடுதல் ஒய் உள்ள ஆண்கள் பிறவிக் குற்றவாளிகள் என்று 1960களில் பரவிய கருத்து, சிறப்புச் சிறை மருத்துவமனை ஒன்றில் இருந்தவர்களை மட்டும் சோதித்ததிலிருந்து கிளம்பியது. பின்னர் பொதுமக்களிடையே நடந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை.

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தபின், குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் காரியோடைப் பரிசோதனை இனி எதற்கு என்று அதைத் தவிர்ப்பவர்களும் உண்டு. நூற்றில் மூன்று, நான்கு பேருக்குக் கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். அவர்களுள் சிலரது தாயோ தந்தையோ எந்த அறிகுறியுமின்றி அந்த ஒட்டிய அமைப்பைச் சுமந்திருக்கலாம். அப்போது அடுத்த கருவுக்கான ஆபத்து வழக்கத்தைவிடக் கூடுகிறது. பெற்றோரில் எவருக்கேனும் 21ஆம் குரோமோசோம்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும்.

கடைசியாக, எந்த உபாதை வந்தாலும் ‘இந்த நோய் உள்ளவர்களுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடும் பழக்கம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது. அதனால் வெளியில் அறிகுறி தெரியாவிட்டாலும் பிறந்தவுடன் இதயத்தை ஒலியலைகளால் பார்க்கும் எக்கோ பரிசோதனை அவசியம். சோர்வும் மந்தமும் தைராய்டு குறைவால் வந்திருக்கலாம். பாடத்தில் பின்தங்குவது காது சரியாகக் கேட்காததால் இருக்கலாம். ஓர் எக்ஸ் முழுவதுமோ ஒரு பகுதியோ இல்லாத டர்னர் நிலையில் உள்ள பெண்களுக்குப் பெருந்தமனியின் விரிவை ஆயுள் முழுவதும் கண்காணிக்க வேண்டும். அவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை உரிய வயதில் தொடங்கினால் உயரம் கூடும், தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.